வெள்ளிக்கிழமை காலியான கூடு

என் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. இருபத்தாறு வருடங்களாக என் பகல்கள் அடுக்குமாடிகளின் உச்சியில் இருக்கும் இயந்திர அறைகளில் கழிகின்றன. கால் உடைந்தது அங்கே என்றால் சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருந்திருக்கும். போன வருடம் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, பழைய பேப்பரை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, மழை ஈரத்தில் இரண்டே இரண்டு படியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பில் முறிவு. மாவுக்கட்டு, இரண்டு ஊன்றுகோல், எட்டு வாரம் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு.

வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். அவள் பாலர் பள்ளி ஆசிரியர். காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு வீடு ஒரு மாதிரி ஆகிவிடும். டிவி பார்ப்பேன், தூங்குவேன், விழித்தால் இன்னும் பத்து மணிகூட ஆகியிருக்காது.

அவள்தான் ஒரு எழுத்துப் பட்டறைக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள். தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில், ஆறு சனிக்கிழமை காலைகள், சொந்த அனுபவக் கட்டுரை எழுதப் பழகுவது. கடைசி நேரத்தில் அவள் பள்ளியில் சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு என்று போட்டுவிட்டார்கள்.

"நீங்க போங்க" என்றாள்.

"நான் எங்க? நான் லிஃப்ட் ரிப்போர்ட் தவிர என்னத்த எழுதியிருக்கேன்?"

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க. சீட் வேஸ்டா போகும் லா. போய் உக்காந்துட்டாவது வாங்க."

போனேன். பட்டறை நடந்த இடம் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. படிக்கட்டோ ஏணி போலச் செங்குத்து. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பிறகு படியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு படியாகப் பின்னால் உந்தி உந்தி ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

நடத்தியவர் ஒரு தொடக்கக் கல்லூரி ஆசிரியர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பல தலைமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பேச்சில் அந்தச் சாயல் இன்னும் இருந்தது. எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம்.

முதல் நாளே ஒரு வேலை கொடுத்தார். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உயிருள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரம், பூனை, எறும்பு எதுவானாலும் சரி. ஐந்து வாரம் தினமும் பார்க்க வேண்டும். இணையத்தில் தேடக் கூடாது. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும், ஆறாவது சனிக்கிழமை வாசிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சிறு தொகுப்பாக அச்சிடுவார்கள்.

"டீச்சர், சொந்த அனுபவம்னு போட்டிருக்கு. பூனைய பத்தி எழுதுனா அது எப்படி என் அனுபவம் ஆகும்?" என்று கேட்டேன்.

"உங்களைப் பற்றி எழுதச் சொல்லேல்ல. நீங்கள் கண்டதை எழுதுங்கோ. வடிவாப் பாத்தா நீங்களே அதுக்குள்ள வந்திடுவீங்கள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் நானும் தலையாட்டினேன்.

நடந்துபோகும் தூரம் என்றால் எனக்கு அப்போது வாசற்கதவிலிருந்து நான்கு அடி. மூன்றாவது மாடி காரிடாரில் ஒரு நாற்காலி போட்டு, காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்தேன். எதிரே கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் கார் பார்க், அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். பக்கத்து வீட்டு வாசலில் பூத்தொட்டிகள். அந்த வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி தனியாக இருந்தார். வயது அறுபதுக்கு மேல், முன்பு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வருடமாகப் பக்கத்து வீடு. பார்க்கும்போது சிரித்துக்கொள்வோம், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் தீபாவளிக்கு முறுக்கும் கைமாறும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அவர் கையில் கத்தரிக்கோலோடு தன் காகிதப்பூச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கிளையில் காய்ந்த சருகும் நூலுமாகக் குப்பை போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை வெட்டப் போன சமயத்தில் ஒரு சின்னக் குருவி வந்து அவர் முகத்துக்கு ஓரடி தூரத்தில் பறந்துகொண்டே கத்தியது. மஞ்சள் வயிறு, வளைந்த மெல்லிய அலகு. தேன்சிட்டு.

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் இருக்கும்.

"ஐயோ, இது வீடு லா" என்றார். "நான் குப்பைன்னு நினைச்சேன்."

கத்தரிக்கோலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். இப்படித்தான் எனக்கு எழுத ஒன்று கிடைத்தது.

பெண் குருவிதான் கட்டியது. காரிடார் விளக்கின் மூலையிலிருந்து சிலந்தி வலையை இழுத்து வரும், அலகால் சுற்றி ஒட்டும். பிறகு உள்ளே புகுந்து நெஞ்சை வைத்து அழுத்தும், கூடு முழுவதும் குலுங்கும். ஆன்ட்டி வீட்டுக் கதவில் போன புத்தாண்டுக்குக் கட்டிய சிவப்பு அலங்காரம் ஒன்று வெளுத்துப்போய்த் தொங்கியது. அதிலிருந்து ஒரு நூல் கூட்டின் வாலில் வந்து சேர்ந்தது. ஆண் குருவிக்குக் கழுத்தில் கருநீலப் பட்டை, வெயில் பட்டால் எண்ணெய் போலப் பளபளக்கும். அது எதிரே துணி காயப்போடும் மூங்கில் கழியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்.

"வேலை அது செய்யுது, பாட்டு இது பாடுது. எங்கயோ பார்த்த மாதிரி இல்ல?" என்றாள் மனைவி.

என் மாவுக்கட்டின் விளிம்பில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கொஞ்சம் பிய்த்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். மறுநாள் இல்லை. குருவி எடுத்ததா, காற்று எடுத்ததா என்று தெரியாது. இன்னொரு முறை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்தேன். எதுவும் வரவில்லை. சிறுநீர் கழிக்கப் போய்வந்தேன். பஞ்சைக் காணவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை நான் எழுதியதை வாசித்தேன். "காலை 8.10. பெண் குருவி வந்தது. வலை. 8.14. மீண்டும் வந்தது. காய்ந்த இலை. 8.21. ஆண் குருவி. வேலை எதுவும் செய்யவில்லை." இப்படியே மூன்று பக்கம்.

டீச்சர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "நல்லாப் பாத்திருக்கிறீங்கள். ஆனா இதில நீங்கள் எங்க இருக்கிறீங்கள்?"

"கதவு பக்கத்துல, நாற்காலில" என்றேன்.

அறை முழுவதும் சிரித்தது. நான் கேலிக்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். லிஃப்ட் அறிக்கையில் அப்படித்தான். எதைப் பார்த்தாய், எங்கே நின்று பார்த்தாய், எத்தனை மணிக்கு. பார்க்காத எதிலும் டிக் போடக் கூடாது. அந்த ஒன்றில் நான் கெட்டி. கதவு சென்சாரைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு நாளும் டிக் போட்டதில்லை. மழை நாளில், ஊரே வீட்டுக்குப் போன பிறகும், மறுபடி ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் நேரங்களை எடுத்துவிட்டு எழுதினேன். நான்காவது வாரம், குருவி உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி எழுதினேன். கூட்டின் வாயில் அதன் அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நானும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். அதற்கு ஏதோ காரியம் நடக்கிறது, எனக்கும் உள்ளே எலும்பு கூடுகிறது என்கிறார்கள், ஆனால் வெளியே பார்த்தால் இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம். அதை அப்படியே எழுதினேன். எங்கள் குழுவில் ஒரு ஓய்வுபெற்ற தாதி, ஆஸ்பத்திரி நர்ஸ், இருந்தார். அவர் திரும்பி, "தம்பி, இது நல்லாருக்கு" என்றார். டீச்சர் புன்னகைத்தார். அன்றைக்கு அந்தப் படிகளில் இறங்கியபோது நான் ஏதோ ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த சில நாட்களில் குஞ்சுகள் வெளிவந்துவிட்டன. எப்படித் தெரியும் என்றால், பெண் குருவி உள்ளே உட்காராமல் புழுவோடு வந்து புழுவில்லாமல் போக ஆரம்பித்தது. இப்போது ஆண் குருவியும் கொண்டுவந்தது. ஒரு வாரம் கழித்துக் கூட்டின் வாயில் இரண்டு மஞ்சள் வாய்கள் தெரிந்தன. அதே வாரம் என் மாவுக்கட்டையும் பிரித்தார்கள். கால் வெளிறி, சுருங்கி, வேறு யாருடையதோ கால் போல இருந்தது. பிசியோதெரபி அறையில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தேன். வலியில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. பிசியோ பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

வியாழக்கிழமை வந்தது. கட்டுரையை அன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும். குஞ்சுகள் இன்னும் கூட்டில்தான். பின்மாலையில் எட்டிப் பார்த்தேன், இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கட்டுரைக்கு முடிவு இல்லை.

மேசையில் உட்கார்ந்தேன். கூடு கட்டியது இருக்கிறது, காத்திருந்தது இருக்கிறது, தீனி கொடுத்தது இருக்கிறது. அடுத்து என்ன? பறக்க வேண்டும். நாளைக்கோ மறுநாளோ பறக்கத்தான் போகிறது. இரண்டு நாள் முன்னாலேயே எழுதினால் என்ன?

எழுதினேன். ஒரு காலை வேளையில் முதல் குஞ்சு கூட்டின் வாயில் நிற்கிறது. தயங்குகிறது. விழுவது போல விழுந்து, நடுவழியில் இறக்கை விரித்து, தூங்குமூஞ்சி மரத்துக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு இரண்டாவது. அதைப் பார்க்க நான் நாற்காலியிலிருந்து எழுகிறேன். ஊன்றுகோலை மறந்துவிடுகிறேன். கைப்பிடிச் சுவர் வரை நான்கு அடி நடந்திருக்கிறேன் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

கை நிற்கவே இல்லை. அந்த ஒரு பக்கத்தை இருபது நிமிடத்தில் எழுதினேன். மற்ற பக்கங்களுக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது.

மனைவி படித்தாள். கடைசிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"எப்ப பறந்துச்சு? இப்ப வேலைல இருந்து வரும்போதுகூட பார்த்தேனே. உள்ளதான் இருந்துச்சு."

"பறந்துடும்."

"பறந்துடும்னா, பறந்துச்சுன்னு எழுதுவீங்களா?"

"டெட்லைன் இன்னைக்கு ம்மா."

"நீங்க நடந்தது?"

"நடந்தேன்ல. பிசியோல."

அவள் தாள்களை மேசையில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். நான் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்பதரைக்கு பிசியோ. ஒரு ஊன்றுகோலோடு கிளம்பினேன். போகும்போது கூட்டைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்க்கவில்லை. டாக்சி கீழே வந்து நின்றுவிட்டது, அவசரம். ஐந்து வாரத்தில் நான் பார்க்காமல் கடந்துபோன ஒரே காலை அதுதான்.

பதினொன்றரைக்குத் திரும்பினேன். கூடு காலி. வாயின் கீழ்ப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. செடியின் தொட்டியும், வழக்கமான இடத்தில் இல்லாமல், சுவரோரமாக இரண்டு முழம் தள்ளி இருந்தது.

ஆன்ட்டியின் கதவைத் தட்டினேன்.

"போயிடுச்சா?" என்று அவரே கேட்டார்.

"நீங்க பார்க்கலையா?"

"பத்து மணி இருக்கும். வெளிய ஒரே சத்தம். வந்து பார்த்தா மைனா, செடிகிட்ட. துரத்துனேன். அடுப்புல சூப் இருந்துச்சு, உள்ள போயிட்டேன். கூட்டைப் பார்க்கல."

"மைனா கூட்டுல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

"செடிகிட்ட லா" என்றார் மறுபடி. அவருக்கும் கவலை வந்துவிட்டது. இரண்டு பேருமாகத் தரையைப் பார்த்தோம். தொட்டிகளுக்குப் பின்னால் பார்த்தோம். இறகு எதுவும் இல்லை, ரத்தம் எதுவும் இல்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிக் கீழே புல்லையும் பார்த்தோம்.

மனைவிக்குப் போன் செய்தேன். அவள் காலையில் கிளம்பும்போது ஒரு குஞ்சு கூட்டின் வாயில் முழு உடம்போடு வெளியே நின்றதாம். "பறக்கற மாதிரிதான் இருந்துச்சுங்க" என்றாள். அப்படியானால் பறந்திருக்கலாம். வாயில் நின்றதால்தான் மைனாவின் கண்ணில் பட்டிருக்கலாம்.

தூங்குமூஞ்சி மரத்தில் தாயும் தந்தையும் கத்திக்கொண்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டேன். ஐந்து வாரம் கேட்ட குரல்தான், ஆனால் இப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. பறந்துபோன குஞ்சுகளை இலைகளுக்குள் கூப்பிட்டு ஊட்டுகின்றனவா? இல்லாத குஞ்சுகளைத் தேடுகின்றனவா? இரண்டுக்கும் ஒரே சத்தமா? இணையத்தில் தேடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். டீச்சர் தேடக் கூடாது என்றதாலா, பதில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தாலா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை வாசிப்பு. இந்த முறை படிகளில் நின்றபடியே ஏறினேன். என் முறை வந்தது. வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் குரல் கம்மியது. அதை எல்லோரும் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தாதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கைதட்டல். முதல் நாள் படிக்கட்டில் கேட்ட கைதட்டலைவிடப் பலமாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் காலமை எப்பிடி இருந்தது? அந்தக் குஞ்சு நிண்ட நேரம் வெயிலா, மப்பா? அதை ஒரு வரி சேர்க்கலாம்" என்றார் டீச்சர்.

வெயிலா, மேகமா? வாயைத் திறந்தேன். வெயில் என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியாது டீச்சர். நான் அங்க இல்ல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை எழுதியதை, வெள்ளிக்கிழமை காலியாக இருந்ததை, மைனாவை.

பக்கத்தில் இருந்த ஒருவர், சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், என் தோளைத் தட்டினார். "அட, எழுத்துன்னா அதெல்லாம் இருக்கும் சார். யாரு போய் செக் பண்ணப் போறா?"

தாதி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "நான் அழுதேனே தம்பி" என்றார். கோபமா வருத்தமா என்று பிரிக்க முடியாத குரல். "நாப்பது வருஷம் வார்டுல நின்னவ. சாதாரணமா எனக்கு அழுகை வராது. அப்ப நான் எதுக்கு அழுதேன்?"

டீச்சரைப் பார்த்தேன். அவர் தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒருக்கா செய்திருக்கிறன்" என்றார். "என்ர அம்மா போன நாளைப் பற்றி எழுதேக்க மழை பெய்ததெண்டு எழுதினன். மழை பெய்யேல்ல. இப்ப யோசிச்சா எனக்கு மழைதான் ஞாபகம் வருது. அது சரியோ பிழையோ எனக்கும் தெரியேல்ல." பிறகு என்னிடம், "திங்கள் மத்தியானம் அச்சுக்குப் போகும். மாத்திறதெண்டா அதுக்குள்ள அனுப்புங்கோ. இப்பிடியே விடுறதெண்டாலும் சொல்லுங்கோ" என்றார்.

அவர் முடிவு சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

கீழே இறங்கி, ரோட்டைக் கடந்து, தேக்கா சந்தை உணவுக்கடைகளில் போய் உட்கார்ந்தேன். ஒரு தே தாரிக், ஆற்றிய பால் தேநீர், வாங்கினேன். யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன மேசையில் ஒரு மைனா ரொட்டித் துண்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கையை வீசி விரட்டுவேன். அன்று பார்த்தேன். மஞ்சள் கால், மஞ்சள் அலகு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து. அது ரொட்டியைத் தின்னவில்லை. அலகு கொள்ளும் மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, கூரை இடுக்கு ஒன்றுக்குள் பறந்துபோனது. உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. அதற்கும் வீடு இருக்கிறது, அதற்குள்ளும் வாய்கள் இருக்கின்றன. அதன் மேல் கோபப்படலாம் என்று வந்தவனுக்கு அதுவும் முடியாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு முடிவு எழுதினேன். பிசியோவுக்குப் போனது, அவசரத்தில் பார்க்காமல் போனது, கூடு காலியாக இருந்தது, கிழிசல், இடம் மாறியிருந்த தொட்டி, ஆன்ட்டி சொன்ன மைனா, மனைவி பார்த்த குஞ்சு, மரத்தில் கேட்ட குரல்கள். எல்லாவற்றையும் எழுதி, பறந்தனவா என்று தெரியாது என்று நிறுத்தினேன்.

மனைவி படித்துவிட்டு, "முன்னாடி எழுதுனதுதான் நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

"நீதானே கேட்ட, பறந்துச்சான்னு!"

"கேட்டேன். அதுக்காக? அது படிக்க நல்லா இருந்துச்சு. இது படிச்சா மனசு ஒரு மாதிரி இருக்கு."

சரி, சம்பந்தப்பட்டவரிடமே காட்டலாம் என்று ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. வரி வரியாக எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் மலாயிலும் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"நான் துடைப்பத்தால துரத்தல" என்றார்.

"துடைப்பம்னு எழுதியிருக்கேனா?" பார்த்தேன். எழுதியிருந்தேன். அவர் துடைப்பம் என்று சொல்லவே இல்லை. நானாகக் கையில் கொடுத்துவிட்டேன்.

"கை தட்டினேன். அவ்வளவுதான்." பிறகு வெளியே தொட்டியைப் பார்த்தார். "நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லல. வெள்ளிக்கிழமை காலைல நீ போன பிறகு தொட்டியை நகர்த்தினேன். நீ கிளம்பும்போது ஒரு குச்சி வச்சிட்டு கஷ்டப்பட்டுத் தொட்டியைத் தாண்டுறதைப் பார்த்தேன். வழி இருந்தா நல்லதுன்னு. சுவரோரம் வச்சேன். அங்க மத்த செடிங்களோட இலை மறைப்பு இல்ல. அதனாலதான் மைனாவுக்குத் தெரிஞ்சுச்சோ?"

அவர் கண் கலங்கியிருந்தது. பதினேழு வருடப் பழக்கத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"நகர்த்துனதுல பயந்து அதுங்க சீக்கிரம் பறந்தும் இருக்கலாம் ஆன்ட்டி" என்றேன். சொல்லும்போது அதுவும் உண்மையாக இருக்கலாம் என்றே தோன்றியது.

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

வீட்டுக்கு வந்து துடைப்பத்தை அடித்தேன். தொட்டி இடம் மாறியிருந்ததையும் அடித்தேன். எழுதினால் படிப்பவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். எனக்காக நகர்த்தியவர். அதை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை அனுப்பினேன். பொய்யைத் திருத்தத்தான் உட்கார்ந்தேன். திருத்தி முடித்தபோது அதிலும் ஒன்று மறைந்திருந்தது.

டீச்சர் போன் செய்தார். "ரெண்டும் என்ர கையில இருக்கு. எதைப் போட?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"பிடிச்சது முதலாவது. ஆனா நீங்கள் சொல்ல வேணும்."

மேசையில் கிடந்த இரண்டு முடிவுகளையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் "ரெண்டாவது" என்றேன். உறுதியாகச் சொன்னதாக அவர் பிறகு யாரிடமோ சொன்னாராம். இல்லை. அன்று இன்னொரு முறை கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன்.

தொகுப்பு வந்தது. மெல்லிய புத்தகம். என் கட்டுரை ஆறு பக்கம். தாதி ஒரு நாள் கூப்பிட்டார். "படிச்சேன் தம்பி. இந்தத் தடவை அழல" என்றார். பிறகு, "ஆனா இன்னும் அதையேதான் நினைச்சிட்டு இருக்கேன். பறந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது. உங்களுக்கு?" என்றார். ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது என்றேன். எனக்கும் அப்படித்தான் என்று சிரித்தார்.

இதை எழுத உட்காரும் முன் ஆன்ட்டியிடம் போய்க் கேட்டேன், தொட்டி விஷயத்தை எழுதலாமா என்று. "எழுது லா. பேர் போடாத" என்றார். காகிதப்பூ மறுபடி பூத்திருக்கிறது. கூட்டை அவர் எடுக்கவே இல்லை. மழையில் தானாகக் கரைந்து, ஒரு நாள் தரையில் சருகாகக் கிடந்தது, கூட்டித் தள்ளிவிட்டாராம்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இந்த மாதம் உட்லண்ட்ஸில் ஒரு வரிசைப் புளோக்குகள் எனக்கு. அங்கே விளையாட்டுத் திடலின் பக்கத்தில் ஒரு மாமரம். அதில் முசுறு எறும்புகள் இலைகளை இழுத்து, இழை போட்டுத் தைத்து, பந்து போலக் கூடு கட்டியிருக்கின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன். இலையின் இந்த விளிம்பில் பத்து எறும்புகள், அந்த விளிம்பில் பத்து எறும்புகள், நடுவில் இருப்பவை இரண்டையும் காலால் பிடித்து நெருக்குகின்றன. யார் முதலில் இழு என்று சொன்னது என்று தெரியவில்லை. நேற்று ஒரு பக்கம் எழுதினேன். அது கட்டுரையா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் இன்னும் படிக்கவில்லை.